காய்ச்சலோடு வேலைக்குப் போன மகனுக்கு

தம்பி,

நீ சுகமாய் இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டுதான் எழுதுறன். அதாலை நலமறிய ஆவல் எண்ட வரியை இந்தக் கடிதத்திலை தேடாதை. உன்ர நலத்தைத் தங்கச்சி சொல்லி அறிஞ்சிட்டன். நேற்றுக் காலமை நான் குசினியிலை அரிசி கழுவிக்கொண்டு நிக்கிறன், அவள் வந்து, "அண்ணாவுக்கு மேல் காயுதாம், எண்டாலும் ரெண்டு பனடோலைப் போட்டிட்டு டியூட்டிக்குப் போயிட்டாராம்" எண்டு, ஏதோ நீ பரிசு வாங்கின மாதிரிச் சொல்லுறாள். சட்டியை அப்பிடியே வைச்சிட்டு உனக்கு ரெலிபோன் எடுத்தன். நீ எடுக்கேல்லை. திருப்பி எடுத்தன். "வேலையிலை நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" எண்டு ஒரு மெசேஜ் வந்தது. பின்னேரம் கதைச்சாய். நான் வாயைத் திறக்கமுன்னம் நீயே சொன்னாய்: "அம்மா, வார்ட்டிலை ஆக்கள் இல்லை. நான் போகாட்டி ஆர் போறது?" சொல்லி முடியேல்லை, இருமல். இருமலை அமத்திக்கொண்டு, "சின்னக் காய்ச்சல்தான்" எண்டாய். நான் ரெலிபோனை வைச்சாப்பிறகு கொப்பர் கேட்டார், "என்னவாம் பெடியன்?" எண்டு. "உங்கட பெடியனுக்கு மூளை இல்லையாம்" எண்டு சொல்லிப்போட்டுக் கடதாசி தேடினன். ரெலிபோனிலை உன்னைப் பேசிப் பிரயோசனம் இல்லை. "ஓம் அம்மா, ஓம் அம்மா" எண்டு சொல்லிச் சொல்லியே ஆளைச் சமாளிச்சுப்போடுவாய். எழுத்திலை எண்டால் நீ இடையிலை வர ஏலாது. தங்கச்சி இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். உன்னோடை படிச்சு வேலைக்கு வந்த பெடி பெட்டையளுக்கும் காட்டு. உங்கள் எல்லாருக்கும் ஒரே விசர்தான் எண்டு எனக்குத் தெரியும்.

முதல்லை ஒண்டு கேக்கிறன். அந்தச் சிங்கள ஊர் ஆஸ்பத்திரியிலை நீ தாதியாய் நிக்கிறது என்ன வார்ட்? சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்குக் கிழமை வந்து மெசினோடை கிடந்து ரத்தம் சுத்தம் செய்தாத்தான் உயிர் எண்டிருக்கிற ஆக்களின்ர வார்ட். புளியங்குளத்திலை, எங்கட ஒழுங்கையிலையே எத்தினை பேர் அப்பிடி இருக்கினம் எண்டு உனக்குத் தெரியும். வயலிலை நிண்டு உழைச்ச மனிசர், கால் வீங்கி, முகம் வெளிறி, விடிய வெள்ளெனப் பஸ் ஏறிப் போய் அந்தக் கதிரையிலை சாயுதுகள். உனக்குச் சின்னக் காய்ச்சல்தான். உனக்கு இளந்தாரி உடம்பு, ரெண்டு நாளிலை எழும்பி ஓடுவாய். அவையளுக்கு ஊசி ஏத்தேக்குள்ளை உன்ர முகம் அவையின்ர முகத்துக்கு எவ்வளவு கிட்டப் போகுது எண்டு ஒருக்கா யோசிச்சியோ? "மாஸ்க் போட்டிருந்தனான் அம்மா" எண்டு நீ சொல்லப்போறாய். போட்டிருப்பாய். சாப்பிடேக்குள்ளை கழட்டியிருப்பாய், ரெலிபோன் கதைக்கேக்குள்ளை இறக்கியிருப்பாய், வேர்த்து நனைஞ்சாப்பிறகும் அதையே போட்டிருப்பாய். நான் இந்தத் தொழிலிலை கிடந்து தலை நரைச்சவள். எனக்கு மாஸ்க் கதை சொல்லாதை.

நாட்டிலை அந்தப் பெரிய தொற்று வந்த காலத்திலை நீ ஏ.எல். சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடம் பூட்டு, ரியூசன் பூட்டு, நீ முழுநாளும் வீட்டிலை. நான் வேலையாலை வந்தால் நேரை கிணத்தடிக்குப் போகவேணும், உடுப்பைச் சவுக்காரத் தண்ணி வாளிக்குள்ளை போடவேணும், குளிச்சிட்டுப் பின்வளவுக் கொட்டிலுக்குள்ளை போய்ப் படுக்கவேணும். அதெல்லாம் நான் போட்ட சட்டம்தான். ஆனால் அதுக்குப் பொலிஸ்காரன் நீ. ஒருநாள் களைப்பிலை செருப்போடை விறாந்தையிலை கால் வைச்சிட்டன். நீ குசினிக்குள்ளை இருந்து போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "அம்மா, உங்களுக்கே தெரியாதோ? நீங்கள்தானே மற்ற ஆக்களுக்குப் படிப்பிக்கிறது?" எனக்குப் பெருமையாயும் இருந்தது, ஓங்கி ஒண்டு போடவேணும் போலையும் இருந்தது. சாப்பாட்டுக் கோப்பையைக் கொட்டில் வாசலிலை வைச்சிட்டு நாலடி தள்ளி நிண்டு, "எடுங்கோ" எண்டு சொல்லுவாய். அப்பிடிச் சட்டம் கதைச்ச பெடியன் இப்ப எங்கை போட்டான் எண்டு கேக்கிறன்.

நீ கண்டது வீட்டு வாசல் வரைக்கும்தான். ஆஸ்பத்திரிக்குள்ளை நான் பட்ட பாட்டை உனக்கு வடிவாய்ச் சொன்னதில்லை. தொற்றுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான தாதி எண்டு எனக்கு ஒரு பேர் இருந்தது. நோய் வரமுன்னம் அது ஒருத்தரும் கணக்கெடுக்காத வேலை. கை கழுவுங்கோ, கை கழுவுங்கோ எண்டு சொல்லிக்கொண்டு திரியிற மனிசி, அவ்வளவுதான். நோய் வந்த உடனை எல்லாரும் என்னைத் தேடத் தொடங்கிச்சினம். சுற்றறிக்கை காலமை ஒண்டு வரும், பின்னேரம் அதை மாத்தி இன்னொண்டு வரும். சிங்களத்திலையும் இங்கிலீசிலையும் முதல் வரும். தமிழ் ஆறுதலாய் வரும், அது வந்து சேரேக்குள்ளை சட்டம் மாறியிருக்கும். முதல் மாஸ்க் எல்லாருக்கும் தேவையில்லை எண்டு வந்தது. பிறகு எல்லாருக்கும் கட்டாயம் எண்டு வந்தது. பிறகு ஒண்டுக்கு மேலை ஒண்டு போடுங்கோ எண்டு வந்தது. நான் எழுதினவையைக் குறை சொல்லேல்லை. புது நோய், தெரியத் தெரியத்தானே மாத்துவினம். ஆனால் மாறின ஒவ்வொரு முறையும் ஆக்களுக்கு முன்னாலை போய் நிக்கவேண்டினது நான். "போன கிழமை வேறை மாதிரிச் சொன்னீங்கள் மிஸ்ஸி" எண்டு கேப்பினம். "போன கிழமை அவ்வளவுதான் தெரியும், இப்ப இவ்வளவு தெரியும்" எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைஞ்சுது.

பாதுகாப்பு அங்கி வரக் காணேல்லை எண்டு மழைக்கோட்டு வேண்டித் தந்தவை. வன்னி வெய்யிலுக்குள்ளை மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நிண்டால் சப்பாத்துக்குள்ளை வேர்வை தேங்கும். போடுறதிலை பிழை விட்டால் பரவாயில்லை, கழட்டுறதிலைதான் தொத்தும் எண்டு நான் நிண்டு நிண்டு காட்டிக் குடுப்பன். கையுறை, கை கழுவு, கோட்டு, கை கழுவு, கண்ணாடி, கை கழுவு, கடைசியா மாஸ்க். எல்லாரும் தலையாட்டுவினம். வெளியிலை வந்த உடனை முதல் வேலையா மாஸ்க்கைப் பிடிச்சு இழுப்பினம். ஒரு டொக்டர், மாஸ்க் எவ்வளவு முக்கியம் எண்டு எனக்கு நீட்டாய் விளங்கப்படுத்தினார், தன்ர மாஸ்க்கை நாடிக்குக் கீழை இறக்கிவிட்டுக்கொண்டு. ஏன் இறக்கினனீங்கள் எண்டு கேட்டன். கதைக்க வசதியாய் இல்லையாம்.

எல்லாத்தையும் விட மோசம் தேத்தண்ணி அறை. நோயாளியிட்டைப் போகேக்குள்ளை உச்சியிலை இருந்து உள்ளங்கால் வரைக்கும் மூடிக்கொண்டு போறவை, அங்காலை வந்து எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, காத்து வராத ஒரு சின்ன அறைக்குள்ளை தோளோடை தோள் முட்ட இருந்து, ஒரே பையுக்குள்ளை கையை விட்டு ரோல்ஸ் தின்னுவினம். "எங்கட ஆக்கள்தானே மிஸ்ஸி." நோய் எங்கட ஆக்களிட்டை வராதாம், நோயாளியளிட்டை மட்டும்தான் இருக்குமாம். நான் கதிரையளைத் தூக்குவிச்சு வெளியிலை மாமரத்துக்குக் கீழை போடுவிச்சன். மத்தியானம் பாக்கிறன், கதிரையள் திரும்ப உள்ளுக்கு. ஏன் எண்டு கேட்டால், காகம் எச்சம் போடுதாம். ஒரு இளம் தாதிப்பிள்ளை எனக்கு நேரை நிண்டு சண்டை பிடிச்சாள், "பதினெட்டு மணித்தியாலம் நிண்ட எங்களுக்குக் கதிரையிலை இருக்கவும் உங்களைக் கேக்கவேணுமோ?" எண்டு. அவள் கேட்டதிலை நியாயம் இருந்தது. எண்டாலும் நான் கதிரையளை மறுபடியும் வெளியிலை போடுவிச்சன்.

அப்பதான் சூசை அண்ணையின்ர கதை நடந்தது. சூசை அண்ணை ஆம்பிளை வார்ட்டிலை சிற்றூழியர். நோயாளியளைத் தூக்கிறது, குளிக்க வாக்கிறது, தள்ளுவண்டி தள்ளுறது எல்லாம் அவர்தான். முல்லைத்தீவுக் கடற்கரை ஆள். தகப்பன், தமையன்மார் எல்லாரும் கடலுக்குப் போறவை, இவர் மட்டும் இந்த வேலை கிடைச்சு ஆஸ்பத்திரிக்கு வந்தவர். வலை இழுத்து முறுகின தோள், எப்பிடிப்பட்ட பாரமான மனிசரையும் நோகாமல் தூக்குவார். மணிக்கட்டிலை ஒரு செபமாலையைச் சுத்தியிருப்பார். கை கழுவ இடைஞ்சல், கழட்டுங்கோ எண்டு நான். மாதா கோவிப்பா மிஸ்ஸி எண்டு அவர். கடைசியிலை சேட் பொக்கெற்றுக்குள்ளை மாதாவுக்கு இடம் குடுத்தம். அந்த வார்ட்டிலை ஜெயபுரத்து விவசாயி ஒருத்தர், கந்தையா எண்டு, சீனி வருத்தத்திலை கால் புண்ணாகிக் கன நாளாய்க் கிடந்தார். சூசை அண்ணைதான் அவரை ஒவ்வொரு நாளும் தூக்கி இருத்துறது. "மருமோன், இண்டைக்கு மெல்லமாய்த் தூக்கு, நேற்று மூட்டை மாதிரித் தூக்கினாய்" எண்டு கந்தையா அம்மான் பகிடி விடுவார். வார்ட் சிரிக்கும்.

வாசலிலை ஒரு பெடியன் காய்ச்சல் பாக்கிற கருவியை எல்லாற்றை நெத்திக்கும் நேரை பிடிப்பான். ஒருநாள் காலமை நான் சைக்கிள் விடுற பக்கத்தாலை வாறன், பைப்படியிலை சூசை அண்ணை குனிஞ்சு நிண்டு நெத்திக்கும் பிடரிக்கும் தண்ணி அடிச்சுக்கொண்டு நிக்கிறார். முகம் கழுவுறாராக்கும் எண்டு நினைச்சன். பிறகு பாத்தால் நிப்பாட்டுறதாய்க் காணேல்லை. சேட் எல்லாம் ஈரம். கிட்டப் போனன். கண் ரெண்டும் சிவந்து போய், வெய்யிலுக்குள்ளை நிண்டு நடுங்குறார்.

"சூசையண்ணை, காய்ச்சலோ?"

"இல்லை மிஸ்ஸி. வெக்கை."

"வெக்கைக்கு ஆர் நடுங்கிறது?"

அவர் பைப்பைப் பூட்டினார்.

"எப்ப தொடக்கம்?"

"முந்தாநாள்."

"முந்தாநாள் வேலைக்கு வந்தனீங்கள். நேற்றும் வந்தனீங்கள். உங்களுக்கு என்ன விசரோ? நான் நாள் முழுக்கக் கத்துறது உங்கட காதிலை விழேல்லையோ?"

நான் போட்ட சத்தத்துக்குச் சைக்கிள் விட வந்த ரெண்டு பேர் திரும்பிப் பாத்தினம். சூசை அண்ணை கையெடுத்துக் கும்பிடாத குறையாய், "மெல்லமாய்க் கதையுங்கோ மிஸ்ஸி. சொன்னால் பஸ் வரும்" எண்டார்.

அந்த நேரம் காய்ச்சல்காரரையும் அவையோடை பழகின ஆக்களையும் ஆமிக்காரர் நடத்தின தனிமைப்படுத்தல் முகாமுக்கு பஸ்சிலைதான் ஏத்தினது. வேறை ஊரிலை எண்டால் ஆக்கள் புறுபுறுத்துக்கொண்டு ஏறுவினம். சூசை அண்ணை முன்னமும் ஒரு பஸ்சிலை ஏறினவர். சண்டை முடிஞ்ச கையோடை, கடற்கரையிலை இருந்து, மனிசியோடையும் கைக்குழந்தையா இருந்த மகளோடையும். இடையிலை ஒரு கேற்றடியிலை இவரை மட்டும் இறக்கினவையாம், விசாரிச்சிட்டு அனுப்புறம் எண்டு. திரும்ப மனிசி பிள்ளையைக் காண ஒரு வருசத்துக்குக் கிட்டப் போச்சு. "என்ர பெட்டைக்கு அது ஒண்டும் ஞாபகம் இல்லை மிஸ்ஸி. தாய் சொல்லித்தான் தெரியும். எண்டாலும் நான் வேலைக்கு வெளிக்கிட்டால் எப்ப வருவீங்கள் எண்டு கேக்காமல் விடமாட்டாள். அந்த பஸ் வந்து எங்கட படலையடியிலை நிண்டால் நான் அவளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

நீயும் அப்பிடி ஒரு பஸ்சிலை என்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீ. உனக்கு எவ்வளவு ஞாபகம் எண்டு நான் கேட்டதில்லை. கொப்பரும் கேட்டதில்லை. அதாலை சூசை அண்ணை சொன்னதுக்கு விளக்கம் எனக்குத் தேவைப்படேல்லை. எனக்கு வந்தது எரிச்சல். காய்ச்சல் இருந்தால் வேலைக்கு வராதை, உடனை அறிவி எண்டு ஒரு வரியிலை எழுதிப்போட்டினம். அறிவிக்கிற ஆள் எதுக்குப் பயப்பிடுவான் எண்டு அந்த வரியிலை எங்கையும் இல்லை. அந்த வரியைச் சுவர் சுவராய் ஒட்டிக்கொண்டு திரிஞ்சது நான். சூசை அண்ணைக்கு மாஸ்க்கைப் போடுவிச்சு, ஆக்கள் வராத பக்கம் வேப்பமரத்துக்குக் கீழை இருத்திப்போட்டு, ஆஸ்பத்திரிப் பொறுப்பு டொக்டரிட்டைப் போனன். நல்ல மனிசன், ஆனால் கன நாளாய் நித்திரை இல்லாத மனிசன்.

"டொக்டர், சூசைக்குக் காய்ச்சல். பரிசோதிக்கவேணும். ஆனால் அவரை முகாமுக்கு ஏத்த வேண்டாம்."

"சுற்றறிக்கையிலை அப்பிடித்தானே இருக்கு மிஸ்ஸி."

"தனிமையாய் வைக்கவேணும், அதுதானே முக்கியம்? பின்னாலை ஊழியர் இருந்த பழைய குவாட்டர்ஸ் சும்மா கிடக்கு. அதுக்குள்ளை வைப்பம்."

"அதுக்குள்ளை ஆடும் வௌவாலும் இருக்கு."

"ஆட்டைக் கலைக்கலாம். சூசையை பஸ்சிலை ஏத்தினால் நாளைக்கு இந்த ஆஸ்பத்திரியிலை ஒருத்தரும் தனக்குக் காய்ச்சல் எண்டு வாய் திறக்கமாட்டினம்."

அவர் நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தார். "நான் இதுக்குப் பொறுப்பெடுத்து, நாளைக்கு ஏதும் பிழைச்சால்?"

"அந்த மனிசி கத்தினது தாங்கேலாமல் செய்தனான் எண்டு சொல்லுங்கோ."

அவருக்குச் சிரிப்பு வந்தது. மேலிடத்துக்கு ரெலிபோன் எடுத்தார். கன நேரம் "ஓம் சேர், விளங்குது சேர், எண்டாலும் சேர்" எண்டு இழுபட்டார். வைச்சிட்டு, "சரியாம். ஆனால் அவர் வாசல் தாண்டினால் உங்களைத்தான் பிடிப்பன்" எண்டார். நான் கொப்பருக்கு எடுத்தன். "வயல் வெட்டுக்கு நிக்குது, நீ ஆஸ்பத்திரி கூட்டக் கூப்பிடுறாய்" எண்டு ஏசிக்கொண்டுதான் வந்தார். வந்து, ஆட்டுப் புழுக்கையைக் கூட்டி அள்ளி, இறுகின யன்னல் கொண்டியளை உடைச்சுத் திறந்து, காத்து வர வைச்சு, கட்டிலும் தூக்கிப்போட்டவர் அவர்தான். பின்னேரம் சூசை அண்ணையின்ர மனிசியும் மகளும் சாப்பாட்டோடை கேற்றடிக்கு வந்தினம். அவர் யன்னலிலை வந்து நிண்டார். பெட்டை கேற்றுக் கம்பியிலை ஏறி நிண்டாள். பிறகு, "அப்பா, புளிக்கறி கிடக்கு, முழுக்கச் சாப்பிடுங்கோ" எண்டு கத்தினாள். அவர் கையைக் காட்டிப்போட்டு உள்ளுக்குப் போட்டார். பரிசோதனையிலை அவருக்கு நோய் இருக்கு எண்டு வந்தது.

இனித்தான் எனக்குத் தலை சுத்தின கதை. அடுத்த நாள் காலமை ஆய்வுகூடப் பெடியன் ஒருத்தன் என்ர அறை வாசலிலை தள்ளி நிண்டு, "மிஸ்ஸி, எனக்கும் தொண்டை நோகுது" எண்டான். அவன் போகச் சமையலுக்கு நிக்கிற அக்கா வந்தா. தனக்கு மணம் குணம் ஒண்டும் தெரியேல்லையாம், கறிக்கு உப்பு எவ்வளவு எண்டு மற்ற ஆக்களைக் கேட்டுத்தான் போட்டவாவாம். மத்தியானம் அந்தத் தாதிப்பிள்ளை வந்தாள், கதிரைக்குச் சண்டை பிடிச்சவள். "காய்ச்சல் விட்டிட்டுது மிஸ்ஸி, ஆனால் இருந்தது" எண்டாள். பஸ் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் பின்னாலை குவாட்டர்ஸ்தான் எண்டு கேள்விப்பட்ட உடனை ஒவ்வொருத்தராய் வரத் தொடங்கிச்சினம். நான் அந்தப் பிள்ளையைக் கேட்டன், "எல்லாரும் காய்ச்சலோடைதான் என்ர வகுப்பிலை இருந்து ஓம் மிஸ்ஸி ஓம் மிஸ்ஸி எண்டு தலையாட்டினனீங்களோ?" அவள் அழுதுகொண்டு ஓம் எண்டு தலையாட்டினாள். பேசுறதோ சிரிக்கிறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை.

வேலைக்கு ஆக்கள் போதாமல் போச்சு. நீ கேட்டாய் பார், ஆர் போறது எண்டு. அண்டைக்கு நாங்கள் போனம். நான் தள்ளுவண்டி தள்ளினன். பொறுப்பு டொக்டர் சாப்பாட்டு வண்டிலைத் தள்ளி, திருப்பத்திலை சொதி முழுக்கத் தன்ர காலிலை ஊத்தினார். அவசரமில்லாத கிளினிக்குகளை நிப்பாட்டினம். ரெண்டு வார்ட்டை ஒண்டாக்கினம். நோயாளியளின்ர சொந்தக்காரரிட்டை, இண்டைக்கு எல்லாம் பிந்தும், பொறுங்கோ எண்டு வெளிப்படையாய்ச் சொன்னம். அவையளிட்டைப் பேச்சு வாங்கினம். ஆனால் ஓட்டினம். குறைஞ்ச ஆக்களோடை ஒரு ஆஸ்பத்திரியை இழுத்துப் பறிச்சு ஓட்டலாம் தம்பி. நோயைப் பரப்பிக்கொண்டு நிக்கிற ஆக்களோடை ஓட்ட ஏலாது. நீ நேற்று வேலைக்குப் போகாமல் விட்டிருந்தால் உன்ர வார்ட் கஷ்டப்பட்டிருக்கும், ஓம். அந்தக் கஷ்டத்தை மேலை இருக்கிறவை கண்டிருப்பினம். நீ பனடோல் போட்டுக்கொண்டு போனதாலை, ஆக்கள் போதும் எண்டு அவை நினைச்சுக்கொண்டு இருக்கினம்.

கந்தையா அம்மான் தப்பேல்லை. சூசை அண்ணை குவாட்டர்ஸுக்குப் போய்க் கொஞ்ச நாளிலை அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கினது. ஏற்கெனவே நொந்த உடம்பு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினம், அங்கை முடிஞ்சுது. வீட்டுக்காரர் முகத்தையும் வடிவாய்ப் பாக்கேல்லை, பெட்டியைத் திறக்காமலே எல்லாம் நடந்தது. அந்தச் செய்தியை நான்தான் சூசை அண்ணைக்குச் சொன்னது, யன்னலுக்கு வெளியிலை நிண்டு. அவர் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, "என்னாலையோ மிஸ்ஸி?" எண்டு கேட்டார்.

இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வந்தது. சொல்லேல்லை. அந்த வார்ட்டுக்குள்ளை ஆர் கொண்டுவந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அவராயும் இருக்கலாம், தொண்டை நோவோடை ரத்தம் எடுக்க வந்த பெடியனாயும் இருக்கலாம், பாக்க வந்த சொந்தக்காரராயும் இருக்கலாம். "தெரியாது அண்ணை. தெரிய வழியும் இல்லை" எண்டன். அவர் யன்னலை விட்டுப் போய்க் கட்டிலிலை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மனிசி கொண்டுவந்த சாப்பாடு அண்டைக்கு அப்பிடியே கிடந்தது.

சுகமாகி, றோட்டுத் திறந்தாப்பிறகு, அவர் ஒருத்தருக்கும் சொல்லாமல் மோட்டச்சைக்கிளிலை ஜெயபுரம் போய் வந்தவர். பிறகு எனக்குச் சொன்னார். கந்தையா அம்மான்ர மனிசிக்கு முன்னாலை நிண்டு, "காய்ச்சலோடைதான் நான் ஐயாவைத் தூக்கினனான், அதைச் சொல்லத்தான் வந்தனான்" எண்டு சொன்னவராம். அந்த மனிசி, "உங்கட கையைத்தான் அவர் கேக்கிறவர் தம்பி, வேறை ஆரும் தூக்கினால் நோகுது எண்டு ரெலிபோனிலை சொல்லுவார்" எண்டவாவாம். தேத்தண்ணி குடுத்தவாவாம். மகன்காரன் எழும்பி வயல்பக்கம் போட்டானாம், இவர் வெளிக்கிடுமட்டும் திரும்பி வரேல்லையாம். "அவன் போனது சரிதான் மிஸ்ஸி" எண்டார் சூசை அண்ணை. அதுக்குப் பிறகும் அவர் அந்த வார்ட்டிலைதான் வேலை செய்தார். ஆனால் பகிடி ஒண்டுக்கும் சிரிச்சு நான் காணேல்லை.

ஜெயபுரத்துக்குப் போற ஒரு பயணம் உனக்கு வரக்கூடாது எண்டதுக்குத்தான் இவ்வளவையும் எழுதினனான். சூசை அண்ணைக்குப் பயப்பிட ஒரு காரணம் இருந்தது. உனக்கு என்ன இருந்தது? பஸ் வந்ததோ? கேற்றடியிலை ஆரும் இறக்கினவையோ? வார்ட்டிலை உன்னைக் கெட்டிக்காரன் எண்டு சொல்லவேணும், புதுசாய் வந்த தமிழ்ப் பெடியன் லீவு போடுறான் எண்டு சொல்லக்கூடாது, அவ்வளவுதானே? அந்தப் பேச்சு எனக்கும் விளங்கும். ஆனால் கதிரையிலை சாஞ்சு கிடக்கிற அந்த மனிசருக்கு உன்ர நல்ல பேராலை ஒரு பிரயோசனமும் இல்லை. காய்ச்சல் எண்டால் சொல்லு. தொண்டை கரகரத்தால் சொல்லு. நாளைக்கு நீ ஒரு வார்ட்டுக்குப் பொறுப்பாய் வருவாய். அப்ப ஒரு பிள்ளை வந்து, சேர் எனக்குக் காய்ச்சல் எண்டு சொன்னால், டியூட்டி ரோஸ்டரைப் பாத்துப் பெருமூச்சு விடாதை. நீ விடுற பெருமூச்சைப் பாத்துத்தான் அடுத்த பிள்ளை சொல்லுறதோ மறைக்கிறதோ எண்டு முடிவெடுக்கும். இருக்கச் சொல்லு, சாப்பிட்டியோ எண்டு கேள், பிறகு மற்றதைப் பார்.

இனிச் சொல்லப்போறதைக் கேட்டால் நீ என்னோடை கன நாளைக்குக் கதைக்கமாட்டாய். நான் இண்டைக்குக் காலமை உன்ர வார்ட்டுக்குப் பொறுப்பான மிஸ்ஸிக்கு ரெலிபோன் எடுத்தனான். நம்பரை உன்ர கூட்டாளியிட்டை வெருட்டி வேண்டினனான், அவனைப் பேசாதை. அவா சிங்களம், என்ர சிங்களம் உனக்குத் தெரியும்தானே, எங்கை நோகுது எவ்வளவு நாள் எண்ட அளவிலைதான் ஓடும். எண்டாலும் சொல்லிப்போட்டன், என்ர மகனுக்குக் காய்ச்சல், உங்களுக்கு அவன் சொல்லியிருக்கமாட்டான் எண்டு. அவா அறைக் கதவைச் சாத்துற சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லேல்லை. ஆனால் இருமினதைக் கேட்டனான். விசாரிச்சால் ஒரு ஆள் குறைஞ்சுபோடும் எண்டு விசாரிக்காமல் விட்டிட்டன்" எண்டா. அதை எனக்கு, முன்பின் தெரியாத ஒரு மனிசிக்கு, சொல்லவேண்டிய தேவை அவாவுக்கு இல்லை. அதுக்குப் பிறகு நான் அவாவைப் பேசேல்லை. ரெண்டு பேரும் எத்தினை வருசம் இந்த வேலை செய்தம் எண்டு கதைச்சுக்கொண்டிருந்தம்.

உனக்குப் பரிசோதனை செய்ய ஒழுங்கு செய்திட்டாவாம். நீ நிண்ட நாளிலை வந்த நோயாளியள் எல்லாரையும் தேடிப் பாத்து, இண்டைக்குப் பின்னேரம் தானாய் எனக்குத் திருப்பி எடுத்தவா. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை. அந்தச் செய்தி வந்தாப்பிறகுதான் நான் சாப்பிட இருந்தனான். கொப்பர் தண்ணி கொண்டுவந்து தந்தார். அது உன்ர கெட்டித்தனம் இல்லை எண்டு விளங்கிக்கொள். நாளைக்கும் நாளையிண்டைக்கும் பக்கத்து வார்ட்டிலை இருந்து ஒராள் வந்து உன்ர இடத்திலை நிக்கும். உன்ர பேர் ரோஸ்டரிலை வெட்டியாச்சு, வெளிக்கிட்டுப் போனாலும் வாசலிலை திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கு.

அம்மா என்னைச் சின்னப்பிள்ளை ஆக்கிப்போட்டா, வார்ட்டிலை இனி எப்பிடி முகத்தைக் காட்டுறது எண்டு உனக்கு வாற கோவம் எனக்கு இஞ்சை இருந்தே தெரியுது. கோவிக்கிறதெண்டால் நல்லாய்க் கோவி தம்பி. படுத்துக் கிடந்து கோவி.

அம்மா